மாரியின் நிறம்

தேவனேரிக் குப்பம்,
மகாபலிபுரம் வழி.
13-7-1975

மாமாவுக்குச் சொர்ணம் எழுதுவது.

சுகமா என்று கேட்கப் போவதில்லை. சுகம் என்று நீ எழுதினால் எனக்கு எரிச்சல் வரும், இல்லையென்று எழுதினால் கவலை வரும். இரண்டும் இப்போது வேண்டாம்.

உன் தங்கச்சி ஆதியம்மாளுக்கு ஆவணியில் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கோவளம். முகூர்த்தத்துக்கு முன்னால் நம் பிள்ளை மாரியைப் பூவாடைக்காரியாக அழைத்து, வீட்டுச் சாமியாக உட்காரவைத்து, புதுப் பாவாடை படைக்கவேண்டும் என்று உங்கம்மா சொல்லிவிட்டது. கன்னியாகப் போன பெண்பிள்ளையைக் கேட்காமல் வீட்டில் நல்ல காரியம் செய்யக்கூடாதாம். செம்பில் தண்ணீர் வைத்து, மஞ்சளைப் பிடித்து முகமாக வைத்தால் போதுமாம். நான் முடியாது என்றேன். அஞ்சு வயசு வரைக்கும் இடுப்பில் சுமந்த பிள்ளையை மஞ்சள் உருண்டையாக வைத்து என்னால் கும்பிட முடியாது. எனக்கு முகம் வேண்டும்.

அவளுடைய ரப்பர் பொம்மை இருக்கிறதே, மாசி மகத்தன்று பலூன்காரனிடம் நீ வாங்கிக் கொடுத்தது, உள்ளங்கை அளவு, அதைத்தான் வைக்கப் போகிறேன். கடைசி வரைக்கும் அவள் கையிலேயே கிடந்த சாமான். ஆனால் நிறம்தான் சகிக்கவில்லை. கல் ரதம் பார்க்க வருகிற வெள்ளைக்காரச்சி வெயிலில் வெந்துபோய் நிற்பாளே, அந்த ரோஸ். கண் நீலம், மயிர் மஞ்சள். இதை வைத்துக்கொண்டு "மாரி, வாம்மா" என்று கூப்பிட்டால் நம் பிள்ளை வருமா, ஏதாவது துரைசாணி பிள்ளை வருமா?

நீதான் சமுத்திரத்தை விட்டுவிட்டு லாரிக்குப் பெயிண்ட் அடிக்கப் போய்விட்டாயே. செங்கல்பட்டில் இல்லாத பெயிண்டா? மாரி நிறத்தில் ஒரு டப்பா கொடுத்து அனுப்பு. அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது. போட்டோ எடுத்தால் பிள்ளைக்கு ஆயுசு குறையும் என்று உங்கம்மா தடுத்தது. எடுக்காமலே குறைந்துபோச்சு. என் கண்ணில் இருக்கிறதும் உன் கண்ணில் இருக்கிறதும்தான் மிச்சம்.

இன்னொன்று எழுதாமல் கை நிற்காது. போன ஐப்பசியில் அலை வாரிக்கொண்டு போன பிள்ளை சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒதுங்கினாள் என்று கேட்டு நீதான் போய்த் தூக்கி வந்தாய். தலையிலிருந்து கால் வரைக்கும் பாய்த்துணியைச் சுற்றி, நேராகச் சவுக்குத் தோப்பு மணலுக்குக் கொண்டுபோனாய். "ஒரு தபா மூஞ்சியக் காட்டு மாமா, ஒரே ஒரு தபா" என்று உன் காலைக் கட்டிக்கொண்டு கேட்டேன். காட்டினாயா? பெற்றவளுக்குக் காட்டாத முகத்தை மண்ணுக்குக் கொடுத்தாய். அதை ஊர் நடுவில் நின்று கேட்டேன் என்றுதானே காரியம் முடிந்த கையோடு மூட்டை கட்டினாய்? நான் அதை இன்னும் மன்னிக்கவில்லை. நீ வரவேண்டாம். பெயிண்டை மட்டும் அனுப்பு.

சொர்ணம்


செங்கல்பட்டு
20-7-1975

அன்புள்ள சொர்ணத்துக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் நிறைய எழுதினேன், கிழித்துப் போட்டேன். பெயிண்ட் விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பொம்மையை நகத்தால் அழுத்திப் பார். குழிந்து திரும்பி எழும்பினால் ரப்பர். கெட்டியாக இருந்தால் பிளாஸ்டிக். ரப்பர் என்றுதான் எனக்கு ஞாபகம். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றில் காயவிடு. மீன் கூடை தொட்ட கையோடு எடுக்காதே. எண்ணெய்ப் பிசுக்கோ கவுச்சியோ இருந்தால் பெயிண்ட் பிடிக்காது.

எங்கள் மேஸ்திரி பக்தவத்சலத்திடம் பொம்மைக்கு ஒரு மாநிறம் வேண்டும் என்று கேட்டேன். "இன்னாடா காத்தா, லாரிக்கு ஒழுங்கா அடிக்கத் தெரியல, பொம்மைக்கு அடிக்கப் போறியா?" என்று சிரித்தார். யாருக்கு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பாவம் பார்ப்பார். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே வேலை செய்ய முடியாது.

பழுப்பு எனாமல் ஒரு டப்பா, கண்ணுக்கும் மயிருக்கும் கறுப்பு ஒரு டப்பா, நம்பர் எழுதுகிற சின்ன பிரஷ் ஒன்று, எல்லாம் மகாபலிபுரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். மெல்லிசாகப் பூசு. ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. கண்ணைக் கடைசியில் வை.

வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சரி.

காத்தவராயன்


தேவனேரிக் குப்பம்
29-7-1975

மாமாவுக்கு,

என் பிள்ளை என்ன பீரோவா? நீ அனுப்பின நிறம் பிரசிடெண்டு வீட்டு பீரோ நிறம். திறந்து பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. போகட்டும், அவசரத்துக்கு இதாவது என்று பூசினேன். காயவே இல்லை. வெயிலில் வைத்தேன், அடுப்படியில் வைத்தேன், கூரையில் சொருகிவைத்தேன். தொட்டால் பலாப்பழப் பிசுக்கு மாதிரி விரலோடு வருகிறது. ராத்திரி அடித்த காற்றில் மணல் எல்லாம் முகத்தில் ஒட்டிக்கொண்டது. காலையில் பார்த்ததும் ஐயோ என்று அலறிவிட்டேன். கடலிலிருந்து தூக்கின பிள்ளை முகத்திலும் இப்படித்தான் மணல் இருந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு. நீதான் சொல்லவேண்டும். நீ எங்கே சொல்லப் போகிறாய்.

தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். மறுபடியும் ரோஸ்.

உங்கம்மா வந்து நின்று, "இன்னாத்துக்கு சொர்ணம் இவ்ளோ பேஜாரு? செம்ப வச்சிட்டுப் போவியா" என்றது. நான் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பேசினால் சண்டைதான்.

நன்றாகக் கேட்டுக்கொள். நம் பிள்ளை நிறம் உனக்கு மறந்துவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்தால் உள்ளே ஒரு சிவப்பு தெரியும் பார், கறுப்புக்கு அடியிலிருந்து, அந்த நிறம் அவள். முட்டி மட்டும் கொஞ்சம் கறுப்பு. காதுக்குப் பின்னால் வெளுப்பு. வெயிலில் ஓடி வந்தாளானால் கன்னத்தில் அந்தச் சிவப்பு மேலே ஏறி வரும். எனக்கு எல்லாம் அப்படியே நிற்கிறது. ஆனால் எனக்குக் கலக்கத் தெரியாது. கலக்கத் தெரிந்தவன் நீ. பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கரை முழுக்கச் சுற்றினவனும் நீ.

கல்யாணம் நெருங்குகிறது. கடையில் வாங்கினதை அனுப்பாதே. உன் கையால் கலந்து அனுப்பு.

சொர்ணம்


செங்கல்பட்டு
6-8-1975

அன்புள்ள சொர்ணத்துக்கு,

என் தப்புதான். லாரி என்பது தகரம். தகரத்தில் காய்கிற எனாமல் ரப்பரில் காயாது என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். ரப்பருக்குள் இருக்கிற எண்ணெய் அதைக் காயவிடாதாம்.

வேறு வழி கண்டுபிடித்துவிட்டேன். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தோன்றியது. பஞ்சர் சொல்யூஷனும் ரப்பர்தானே. அதில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு நீர்க்கவைத்து, கலர் பவுடரைக் குழைத்தால் ரப்பரோடு ரப்பராகப் பிடித்துக்கொள்ளும். பழைய டியூப் துண்டில் பூசிப் பார்த்தேன். உடனே காய்ந்தது. மடக்கினாலும் வெடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் யாரும் இல்லை. உட்கார்ந்து கலந்தேன். நீ எழுதின புளியங்கொட்டையை வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். காவியும் கறுப்பும் போட்டேன். பார்த்தால் யாரோ ஒரு பிள்ளை மாதிரி இருந்தது, நம் பிள்ளை இல்லை. அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடி மாரியை நினைத்தேன். வந்தாள், சொர்ணம். அப்படியே வந்தாள். கண்ணைத் திறந்து, வந்தவளைப் பார்த்துப் பார்த்துக் கலந்தேன். காவியைக் குறைத்தேன். வெள்ளையைக் கூட்டினேன். அப்புறம் கை தானாக நீலத்துக்குப் போனது. ஒரு சிட்டிகைதான் போட்டேன். போட்டதும், இதுதான், இதேதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டறையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவள் போனதற்கு அப்புறம் நான் அழுதது அன்றைக்குத்தான்.

உடம்புக்கு ஒரு சீசா. உதட்டுக்குத் தனியாகச் சின்ன சீசா. நகத்திலும் அதையே தொட்டுவை. உனக்குப் புதிதாகத் தெரிந்தாலும் பூசிப் பார். என் கண்ணில் இருக்கிறது இதுதான். இதில் சந்தேகமே இல்லை.

நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதே, பெட்ரோல்.

காத்தவராயன்


தேவனேரிக் குப்பம்
22-8-1975

மாமாவுக்கு,

பூவாடைக்காரி அழைத்து முடிந்தது. போன வெள்ளிக்கிழமை செய்தோம். மஞ்சள் பாவாடை, கனகாம்பரம், அவளுக்குப் பிடித்த கேழ்வரகு அடை. நீ அனுப்பின பெயிண்ட் நன்றாகப் பிடித்தது. பூசப் பூசக் காய்ந்துகொண்டே வந்தது. கண்ணும் நன்றாக வந்திருக்கிறது.

நிறத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் கோடு இழுத்தபோதே, இது இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. மழைக்கு முன்னால் வானம் ஒரு மாதிரி நிற்குமே, அப்படி ஒரு சாம்பல். சிவப்பே இல்லை. நிறுத்திவிடலாம் என்று பிரஷைக் கீழே வைத்தேன். அப்புறம் நீ எழுதினதை மறுபடி படித்தேன். அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். நீ அழுது நான் பார்த்ததே இல்லை. கட்டுமரம் கவிழ்ந்து தோள் எலும்பு விலகினபோதுகூட நீ அழவில்லை. அழுது கலந்த நிறம் பொய்யாக இருக்காது, அழுது அழுது என் கண்தான் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பூசிவிட்டேன்.

உதட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைக்கு ஊதா உதடு வைத்திருக்கிறானே என்று. நாவல்பழம் தின்றுவிட்டு சட்டை எல்லாம் கறையாக்கிக்கொண்டு உன்னிடம் ஓடி வருவாளே, அந்த வாய்தானே உன் கண்ணில் நிற்கிறது? அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். விரல் நகம்கூட ஊதா. பழத்தை நசுக்கின கை. எனக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை, உனக்குத்தான் தோன்றியிருக்கிறது. நிஜமாகச் சொல்கிறேன், அன்றைக்கு உன்மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது.

உங்கம்மாதான் கெடுத்தது. படையல் போட வந்து, பொம்மையைப் பார்த்ததும் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டது. அப்புறம் வந்து, "இந்த நெறத்த மாத்துடி. வூட்டுல வைக்கிற நெறமாடி இது?" என்று கத்துகிறது. "அவ அப்பன் கலந்த நெறம், நீ யாரு சொல்றதுக்கு?" என்று கேட்டேன். நான் இதுவரைக்கும் அதை எதிர்த்து அப்படிப் பேசினதில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதது.

படையல் முடிந்ததும் வழக்கப்படி பொம்மையை அடுத்த படையல் வரைக்கும் பானைக்குள் எடுத்துவைக்கவேண்டும் என்றார்கள். நான் வைக்கவில்லை. என்னோடுதான் இருக்கிறது. திருக்கழுக்குன்றத்துக்கு மீன் விற்கப் போகும்போது மடியில் கட்டிக்கொண்டு போகிறேன். பக்கத்தில் போட்டுக்கொண்டு படுக்கிறேன். முதலில் வித்தியாசமாக இருந்த நிறம் இப்போது பழகிவிட்டது. பார்க்கப் பார்க்க மாரி மாதிரியே இருக்கிறது.

ஆதியம்மாள் கல்யாணம் ஆவணிக் கடைசியில். நீ வந்தால் நான் வீட்டை விட்டுப் போகமாட்டேன். இவ்வளவுதான் எழுதத் தெரிகிறது.

சொர்ணம்


செங்கல்பட்டு
27-8-1975

சொர்ணம்,

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் பொம்மையை எடுத்து எங்காவது மறைத்துவை. அதை இனி பார்க்காதே. அப்புறம் மீதியைப் படி.

அது நாவல்பழம் இல்லை.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் அவளைத் தூக்கினபோது அவள் அந்த நிறத்தில் இருந்தாள். உதடும் நகமும் அப்படித்தான் இருந்தன. நான் கலந்து அனுப்பினது அதைத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், கலக்கும்போது எனக்கு அது தெரியாது. பிள்ளையை நினைத்தேன், அவள் வந்தாள், அவள்தான் என்று நம்பிக் கலந்தேன். உன் கடிதத்தில் நாவல்பழம் என்று படித்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. பட்டறையில் நின்றவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி ஓடி வந்து, "இன்னா காத்தா, இன்னா ஆச்சி? தண்ணி குடி" என்றார். தலைவலி என்று சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்குத் தெரியும். தோப்புக்குப் போகிற வழியில் துணியை விலக்கி நெற்றியில் மஞ்சள் வைத்தது அதுதான். அதை ஏசாதே. உன்னிடம் சொல்லக்கூடாது என்று அன்றைக்கு அதன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன்.

உனக்கு ஏன் காட்டவில்லை என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். இதற்குத்தான் காட்டவில்லை. அவளைத் தூக்கினவுடன் எனக்குள் என்னவோ அழிந்துபோனது. அதுவரைக்கும் இருந்த மாரி ஒருத்திகூட மிச்சமில்லை. தோளில் ஏறின மாரி, நண்டு பிடித்த மாரி, யாரை நினைத்தாலும் அந்த முகத்தோடுதான் வருகிறாள். ஒருத்தர் கண்ணிலாவது பிள்ளை நல்லபடியாக இருக்கட்டும் என்றுதான் துணியை இறுக்கிப் பிடித்தேன். நீ காலைக் கட்டிக்கொண்டு அழுதாய், என்னை ஏசினாய், ஊரே ஏசியது. ஏசட்டும் என்று இருந்தேன். உன் பக்கத்தில் இருந்தால் என்றைக்காவது வாய் தவறிச் சொல்லிவிடுவேன் என்றுதான் இங்கே வந்தேன். இவ்வளவும் செய்துவிட்டு, அதையே சீசாவில் அடைத்து, பிரஷும் கொடுத்து, என் கையாலேயே உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

சொர்ணம், நீ புளியங்கொட்டை என்று எழுதினாய் அல்லவா? அதுதான் சரி. நீதான் சரி. அந்தப் பெயிண்டை எடுத்துவிடு. துணியில் கொஞ்சம் கிருஷ்ணாயில் தொட்டுத் தேய், உருண்டு வந்துவிடும். உன் கண்ணில் இருக்கிறதை விட்டுவிடாதே. எனக்கு அது வேண்டும். எல்லா பவுடரையும் எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். நீ எதிரில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சிவப்பு, இன்னும் கொஞ்சம் கறுப்பு என்று சொல்லு. நான் கலக்குகிறேன். நீ "இதுதான்" என்று சொல்கிறபோது நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அவளைத் திரும்பப் பார்க்க வேறு வழி இல்லை.

வரலாமா? உடனே எழுது.

காத்தவராயன்


தேவனேரிக் குப்பம்
16-9-1975

மாமாவுக்கு,

உடனே எழுதமுடியவில்லை. கல்யாணம் முடிந்து ஆதியம்மாள் கோவளம் போய்விட்டாள். அண்ணன் வரவில்லை என்று வாசலில் நின்று அழுதாள். உனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

பெயிண்டை எடுத்துவிட்டேன். நீ சொன்ன மாதிரி உருண்டு உருண்டு வந்தது, முதுகு தேய்க்கும்போது அழுக்கு வருமே, அப்படி. உதட்டைத் தேய்க்கக் கை வரவில்லை. அம்மாதான் வாங்கித் தேய்த்துக் கொடுத்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அதை ஏசினதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எனுக்கும் அதான்டி கண்ணுல கீது" என்றது. இத்தனை மாசமும் மருமகளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது.

மாமா, நீ கேட்டது என்னிடம் இல்லை.

பெயிண்டை எடுத்துவிட்டால் சரியாகப் போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். மாரி வந்தாள். சாம்பல் நிறத்தில் வந்தாள், ஊதா உதட்டோடு. சரி, அலை பக்கம் போய்ப் பார்க்கலாம், அவள் ஓடின இடத்தில் நின்று பார்க்கலாம் என்று போனேன். ஓடி வந்தாள், அந்த முகத்தோடுதான் ஓடி வந்தாள். பிறந்த அன்றைக்கு என் பக்கத்தில் போட்டார்களே, அந்தப் பிள்ளையை நினைத்துப் பார்த்தேன். அதற்கும் நகம் ஊதா. நான் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேன் பார், பார்க்கப் பார்க்க மாரி மாதிரி இருக்கிறது என்று உனக்கு எழுதினேன் பார், அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

காவிக்கல்லும் கரியும் மஞ்சளும் வைத்து அம்மியில் நானே அரைத்துப் பார்த்தேன். புளியங்கொட்டை என்று நான் எழுதினது ஞாபகம் இருக்கிறது. ஒரு கொட்டையை எடுத்துத் தேய்த்தும் பார்த்தேன். வெறும் கொட்டையாகத்தான் தெரிகிறது. தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், "எம்புள்ள இன்னா நெறம், சொல்லுங்களேன்" என்று கேட்டேன். நல்ல நிறம் என்கிறார்கள். களையான பிள்ளை என்கிறார்கள். கறுப்பு என்றுகூட ஒருத்தி சொன்னாள். எதைச் சொன்னாலும் எனக்கு ஆமாம் என்று தலையாட்டத் தோன்றவில்லை, இல்லை என்று சண்டை போடவும் தோன்றவில்லை. முன்னே இருந்த சொர்ணமாக இருந்தால் போட்டிருப்பேன்.

உன்மேல் கோபம் இல்லை. எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தக் கோபம் இருந்த வரைக்கும் பிள்ளையும் இருந்தாள்.

பொம்மையை என்ன செய்வது என்று தெரியவில்லை. ரோஸாகத்தான் கிடக்கிறது. பாவாடையைக் கழற்றி மடித்துவைத்துவிட்டேன்.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வா. தனியாக இருந்து நீ என்ன செய்யப் போகிறாய், நான்தான் என்ன செய்யப் போகிறேன்? ஆனால் பவுடர் எதையும் கட்டி எடுத்துக்கொண்டு வராதே. நீ கலந்தால் இதுதான் என்று சொல்ல இங்கே ஆள் இல்லை.

சொர்ணம்